நுரையீரலுக்குள் எட்டிப் பார்த்த டாக்டர்

குழந்தை தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறது. தாய் அடுப்படியில் இருக்கிறாள். திடீரென்று இருமல் சத்தம்! ஓடி வந்து பார்த்தால் குழந்தையின் முகம் சிவந்திருக்கிறது. கண்ணில் நீர் வழிகிறது. கையில் இருந்த பொத்தானைக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றுவிடுகிறது. குழந்தை மறுபடியும் சிரிக்கிறது. பொத்தான் வயிற்றுக்குள் போய்விட்டது, நாளைக்கு வெளியே வந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் ஆறுதல் அடைகிறார்கள்.

வயிற்றுக்குள் போயிருந்தால் சரி. நுரையீரலுக்குள் போயிருந்தால்?

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால், இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த டாக்டரிடமும் நல்ல பதில் கிடையாது. சில வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். சளி நாறும். நுரையீரலில் சீழ் கட்டும். குழந்தை இளைத்துக்கொண்டே போகும். காசநோய் என்று நினைத்து அதற்கு வைத்தியம் செய்வார்கள். உள்ளே ஒரு பொத்தான் கிடக்கிறது என்பது கடைசிவரை தெரியாமலே போனதும் உண்டு.

இந்த நிலைமையை மாற்றியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் டாக்டர் செவாலியர் ஜாக்சன். அமெரிக்காக்காரர். கத்தியால் நெஞ்சைப் பிளக்காமல், வாய் வழியாகவே குழாயைச் செலுத்தி, நுரையீரலுக்குள் கண்ணால் பார்த்தவர். பார்த்ததோடு நிற்கவில்லை. உள்ளே கிடந்ததை வெளியே எடுத்தவர்.

செவாலியர் என்றதும் பிரெஞ்சு அரசாங்கம் கொடுக்கும் பட்டம் பலருக்கு நினைவு வரும். இது பட்டம் அல்ல. பெற்றோர் வைத்த பெயர்!

நிலக்கரி ஊர்ப் பையன்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் என்று ஒரு நகரம். இரும்புக்கும் நிலக்கரிக்கும் பேர்போன ஊர். அங்கே 1865-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி ஜாக்சன் பிறந்தார். தகப்பனார் கால்நடை வளர்த்துப் பிழைத்தவர். கையில் காசு தங்காத குடும்பம். மூன்று பையன்களில் ஜாக்சன் மூத்தவர்.

பையன் உருவத்தில் சிறியவன். சுபாவத்தில் சாது. இந்த இரண்டும் சேர்ந்தால் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முரட்டுப் பையன்கள் அவனை விரட்டி விரட்டி அடித்தார்கள். ஒரு நாள் கண்ணைக் கட்டி, ஒரு நிலக்கரிப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். நினைவு தப்பிக் கிடந்தான். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஒரு நாய் அவனைக் கண்டுபிடித்தது. அதனால் உயிர் பிழைத்தான்.

இருட்டுப் பள்ளத்தில் கிடந்த பையன்தான் பிற்காலத்தில் மனித உடம்பின் இருட்டுக்குள் விளக்கைக் கொண்டுபோனான் என்று கதை கட்டலாம். அப்படி எல்லாம் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் ஒன்று நிச்சயம். வாய் பேச முடியாமல் துன்பப்படும் குழந்தைகளையும் மிருகங்களையும் கண்டால் அவருக்கு மனம் பொறுக்காது. ஆயுள் முழுவதும் அப்படியே இருந்தார்.

பையனுக்கு இன்னொரு துணை இருந்தது. அது கைத்தொழில். மரத்தை இழைப்பது, உலோகத்தை வளைப்பது, படம் எழுதுவது என்று ஏதாவது ஒரு வேலை கையில் இருந்துகொண்டே இருக்கும். வலது கை, இடது கை இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும்படி பழக்கிக்கொண்டார். பின்னாளில் வகுப்பில் பாடம் நடத்தும்போது, இரண்டு கையாலும் வண்ணச் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்துக் கரும்பலகையில் தொண்டைப் படம் போடுவாராம். மாணவர்கள் பாடத்தை மறந்து கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

டாக்டர் படிப்புக்குப் பணம் வேண்டுமே! கண்ணாடிப் பாத்திரங்களிலும் பீங்கான் தட்டுகளிலும் சித்திரம் தீட்டிச் சம்பாதித்தார். அந்தக் காசில் பிலடெல்பியா நகரத்தின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1886-ல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு 20 வயது.

அந்தக் காலத்தில் தொண்டை வைத்தியத்தில் பெரிய பெயர் லண்டன் டாக்டர் மாரல் மெக்கன்சி. ஜெர்மனி இளவரசருக்கே தொண்டைக்கு வைத்தியம் பார்த்தவர். அவரிடம் போய்த் தொழிலைக் கண்டு தெரிந்துகொண்டு, சொந்த ஊருக்குத் திரும்பி வந்து தொண்டை டாக்டராக அமர்ந்தார் ஜாக்சன். வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள். வேலை நிறைய. வருமானம் குறைவு.

முதல் குழாய்

1890-ல் ஜாக்சன் ஒரு குழாய்க் கருவியைச் செய்தார். உணவுக் குழலுக்குள் விட்டுப் பார்ப்பதற்கான கருவி அது. அதைக் கொண்டு ஒருவர் விழுங்கிய பல் செட்டை எடுத்தார். பிறகு ஒரு குழந்தை விழுங்கிய காசை எடுத்தார்.

மற்ற டாக்டர்களும் அந்தக் கருவியை ஆசையோடு வாங்கிப் பயன்படுத்தினார்கள். பழக்கம் இல்லாத கை, மெல்லிய குழல். உள்ளே கிழித்துவிட்டது. நோயாளிகள் இறந்தார்கள். செய்தி கேட்டு ஜாக்சன் இடிந்துபோனார். கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது, கையையும் பழக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. பழக்காமல் யாருக்கும் கருவி கொடுப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

இதற்கிடையில் ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் என்ற டாக்டர் ஒரு அடி முன்னால் போய்விட்டார். 1897-ல் 63 வயது விவசாயி ஒருவரின் நுரையீரல் குழலில் சிக்கியிருந்த எலும்புத் துண்டை, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிட்டார். உலகத்தில் அதுதான் முதல் தடவை.

நம் நெஞ்சுக்குள் இருக்கும் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். தொண்டையில் இரண்டு குழல்கள் உண்டு. ஒன்று சாப்பாடு போகும் வழி. இன்னொன்று மூச்சு போகும் வழி. மூச்சுக் குழல் கீழே போய் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. பிறகு அவை நான்காகி, எட்டாகி, தலைகீழாக நிற்கும் மரம் மாதிரி கிளைவிட்டுக்கொண்டே போகின்றன. வலப்பக்கக் கிளை கொஞ்சம் அகலம், கொஞ்சம் நேர். அதனால் வழி தவறி விழும் பொருள்கள் பெரும்பாலும் வலப்பக்கமே போய்ச் சேருகின்றன.

இந்த மரத்துக்குள் ஒரு நேரான உலோகக் குழாயை விட வேண்டும். நோயாளி மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார். இருமுவார். இதயம் துடிக்கும் துடிப்பில் குழலே ஆடும். உள்ளே ஒரே இருட்டு!

இருட்டுக்கு ஜாக்சன் வழி செய்தார். குழாயின் நுனியிலேயே ஒரு சின்னஞ்சிறு மின்சார விளக்கைப் பொருத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உருவான இந்தக் கருவிக்கு பிராங்கோஸ்கோப் என்று பெயர். 1907-ல் இந்தத் தொழிலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முதல் பெருமையைத் தாமே எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தைக் கில்லியனுக்குக் காணிக்கை ஆக்கினார்.

திறந்த ஊக்கு

பொத்தானைக்கூட எடுத்துவிடலாம். திறந்த ஊக்கு மாட்டிக்கொண்டால்? கூர்முனை மேலே பார்த்து நிற்கும். இழுத்தால் குழலைக் கிழித்துவிடும்.

ஜாக்சன் அவசரப்பட மாட்டார். முதலில் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பார். அதே அளவில் இன்னொரு ஊக்கை வாங்கிவரச் சொல்வார். ஒரு ரப்பர் குழாய்க்குள் அதை அதே மாதிரி சிக்க வைப்பார். எந்தக் குறடால், எந்தப் பக்கம் பிடித்து, எப்படித் திருப்பினால் கிழிக்காமல் வரும் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார். தேவையான குறடு கடையில் இல்லையா? தம் பட்டறையில் தாமே செய்வார். கை சொன்னபடி கேட்கிறது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் குழந்தையை மேஜைமேல் படுக்க வைப்பார். பெரும்பாலும் மயக்க மருந்துகூடக் கொடுப்பதில்லை. சில நிமிடங்களில் காரியம் முடிந்துவிடும். பார்த்தவர்கள் மந்திரம் என்றார்கள். பட்டறையில் கழிந்த மணிகளை அவர்கள் பார்க்கவில்லை!

உலோகமாவது எக்ஸ்ரேயில் தெரியும். வேர்க்கடலை தெரியாது. ஜாக்சன் மிகவும் பயந்த பொருள் இந்த வேர்க்கடலைதான். நுரையீரலுக்குள் போனால் ஊறிப் பருக்கும்; அதன் எண்ணெய் பட்ட இடம் புண்ணாகும்; குறடால் பிடித்தால் நொறுங்கும். கடைவாய்ப் பல் முளைக்காத குழந்தைக்குக் கடலை கொடுக்காதீர்கள் என்று தாய்மாருக்கு ஓயாமல் சொல்லிவந்தார். ஆணியையும் ஊசியையும் உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்யும் தச்சரையும் தையற்காரரையும் கண்டால் அவருக்குக் கோபம் வரும்.

எடுத்த பொருள் எதையும் அவர் வீசி எறிந்ததில்லை. அட்டையில் ஒட்டி, யாருக்கு எப்படி நேர்ந்தது என்று எழுதி வைத்தார். மொத்தம் 2,374 பொருள்கள்! காசு, பொத்தான், ஊக்கு, எலும்பு, பல், பூட்டு, பொம்மைத் தூரதர்சினிகூட உண்டு. பிலடெல்பியாவில் உள்ள மியூட்டர் மருத்துவ மியூசியத்துக்கு அவற்றைக் கொடுத்தார். தன் தொண்டையிலிருந்து எடுத்த காசைத் திருப்பித் தரச் சொல்லி ஒருவர் கொலை மிரட்டலே விட்டாராம். ஜாக்சன் கொடுக்க மறுத்துவிட்டார். ஒரு சின்னக் காசுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான பிடிவாதம்தான். ஆனால் அடுத்து வரும் டாக்டர்கள் பார்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சிறுமி குடித்த தண்ணீர்

அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் சாக்கடை சுத்தம் செய்யவும் சோப்புக் காய்ச்சவும் காஸ்டிக் சோடா வைத்திருப்பார்கள். பார்க்கச் சர்க்கரை மாதிரி வெள்ளையாக இருக்கும். டப்பாவில் விஷம் என்று ஒரு வார்த்தைகூட இருக்காது. குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். உணவுக் குழல் வெந்துபோகும். பிழைத்தாலும், புண் ஆறும்போது தழும்பு சுருங்கிக் குழல் அடைத்துக்கொள்ளும். சாப்பிட முடியாமல் குழந்தை பட்டினியால் தேய்ந்துபோகும்.

அப்படி ஒரு ஏழுவயதுச் சிறுமியை ஜாக்சனிடம் கொண்டுவந்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. ஜாக்சன் குழாயை விட்டுப் பார்த்தார். சுருங்கிய குழலின் வாயில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. பதமாக அதை எடுத்தார். நர்ஸ் ஒரு தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். சிறுமி ஒரு வாய் குடித்துவிட்டுப் பயந்தாள். வழக்கம்போல் புரையேறித் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தாள். வரவில்லை. இன்னொரு வாய் குடித்தாள். அதுவும் இறங்கிவிட்டது! நர்ஸின் கையை மெல்ல விலக்கிவிட்டு, டாக்டரின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். 1938-ல் வெளிவந்த சுயசரிதையில் ஜாக்சன் இதை நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்.

அடைப்பை எடுத்தால் மட்டும் போதுமா? டப்பா அப்படியே இருந்தால் நாளைக்கு இன்னொரு குழந்தை வரும். ஜாக்சன் விடவில்லை. டாக்டர்கள் சங்கங்களில் பேசினார். மாநிலம் மாநிலமாக எழுதினார். சட்டசபைக்காரர்களிடம் படங்களைக் காட்டினார். வியாபாரிகள் எதிர்த்தார்கள். ஆண்டுக் கணக்கில் அலைந்த பிறகு 1927-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன்பின் காஸ்டிக் சோடா போன்ற சரக்குகளின் மேல் விஷம் என்று அச்சடிக்க வேண்டும். தவறி விழுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து அச்சடிக்க வேண்டும்.

நுரையீரல் டாக்டருக்கே நுரையீரல் நோய்

இவ்வளவு செய்தவர் நல்ல திடகாத்திரமான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். 1911-ல் அவருக்குக் காசநோய் வந்தது. ஒரு தடவை அல்ல, பிறகும் வந்தது. அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. படுத்தே கிடக்க வேண்டும். படுத்துக்கொண்டே புத்தகம் எழுதினார். அதற்குப் படமும் தாமே போட்டார்.

1899-ல் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி பெயர் ஆலிஸ். ஒரே மகன். அவருக்கும் தகப்பனார் பெயர்தான். பின்னாளில் அவரும் அதே தொழிலுக்கு வந்தார். 1916-ல் குடும்பம் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பல மருத்துவக் கல்லூரிகளில் ஜாக்சன் பேராசிரியராக இருந்தார். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டார்கள். உயிருள்ள நோயாளியைத் தொடும் முன்பு பொம்மையில் கை பழக வேண்டும் என்பது அவர் வகுப்புச் சட்டம்.

கழுத்தில் துளை போட்டு மூச்சு கொடுக்கும் சிகிச்சையையும் ஒழுங்குபடுத்தியவர் ஜாக்சனே. மூச்சு அடைத்துப் போகும் நோயாளிக்குக் கடைசி நேரத்தில் அரக்கப் பரக்கச் செய்து வந்த வேலை அது. பலர் இறந்துவிடுவார்கள். பிழைத்தவர்களிலும் சிலருக்குக் குரல்வளை சுருங்கிவிடும். மிக மேலே வெட்டுவதுதான் காரணம் என்று ஜாக்சன் காட்டினார். எங்கே வெட்டுவது, எந்தக் குழாய் வைப்பது, பிறகு எப்படிக் கவனிப்பது என்று படிப்படியாக 1909 முதலே எழுதினார். கழுத்தில் குழாய் உள்ளவர் கூப்பிட முடியாது. அதனால் பக்கத்தில் ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

சீழில் என்ன கிருமி?

பொத்தானும் ஊக்கும் எடுத்த கதை பத்திரிகைகளில் வந்தது. 1936-ல் நுரையீரலில் ஆணியோடு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மூன்று வயதுப் பையன் கடல் கடந்து பிலடெல்பியாவுக்கு வந்தபோது, பத்திரிகைகள் அவன் பயணத்தை விடாமல் எழுதின. ஆனால் அதே குழாய் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது.

நுரையீரலில் சீழ் கட்டியவர்களுக்கு ஜாக்சனும் அவருடைய சகாக்களும் குழாய் விட்டுச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். எடுத்ததைக் கொட்டிவிடவில்லை. சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். அதில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள்.

காறித் துப்பிய சளியில் பார்த்தால் என்ன? சளி மேலே வரும் வழி தொண்டை, வாய். அங்கே எப்போதும் கோடிக் கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றன. கீழே நோய் உண்டாக்கிய கிருமி எது, வழியில் ஒட்டிக்கொண்ட கிருமி எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆற்றின் ஊற்றுத் தண்ணீர் எப்படி என்று பார்க்க, ஊருக்குக் கீழே போய் ஒரு குடம் மொண்டால் சரியாக இருக்குமா? நோய் உள்ள இடத்திலேயே எடுக்க வேண்டும்.

வயதான காலத்தில் ஜாக்சன் பிலடெல்பியாவை விட்டு விலகி, ஷ்வெங்க்ஸ்வில் என்ற சிற்றூரில், ஓடைக்கரையில் இருந்த பழைய மாவு ஆலையில் வசித்தார். படம் எழுதினார். பட்டறையில் மரவேலை செய்தார். புகை, மது இரண்டும் அவர் தொட்டதில்லை. மூன்று தடவை காசநோய் கண்ட உடம்பு 92 வயது வரை தாங்கியது! 1958-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி அங்கேயே காலமானார்.

யந்திரம் கொடுத்த மூச்சு

அவர் மறைவதற்கு ஆறு ஆண்டுக்கு முன்னால், 1952-ல், டென்மார்க்கின் தலைநகரம் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுவிடும் தசை செயலற்றுப் போனவர்களில் முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாளில் இறந்துவிட்டார்கள். அப்போது பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் ஒரு யோசனை சொன்னார். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி, நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தலாம் என்றார். ஆகஸ்டு 27-ந் தேதி 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அப்படிச் செய்தார். பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவு பகலாகப் பையை அமுக்கினார்கள். சாவு பெரிதும் குறைந்தது.

கைக்குப் பதில் யந்திரம் வந்தது. அதுதான் இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் உள்ள வென்டிலேட்டர்.

உயிர் காக்கும் யந்திரத்தோடு ஒரு அபாயமும் கூடவே வந்தது. வாய் வழியாகவோ கழுத்து வழியாகவோ மூச்சுக் குழலில் குழாய் இருக்கும்போது நோயாளியால் நன்றாக இரும முடியாது. இருமல் என்பது நுரையீரலின் காவல்காரன். காவல்காரனைக் கட்டிப்போட்டாயிற்று! குழாயைச் சுற்றி ஊதிய ஒரு சின்னப் பலூன் உண்டு. அதன் ஓரமாக எச்சில் கசிந்து கீழே இறங்குகிறது. எச்சிலோடு கிருமிகளும் இறங்குகின்றன. வென்டிலேட்டரில் இரண்டு நாளுக்கு மேல் இருந்தவர்களுக்கு இப்படி நிமோனியா வருவது உண்டு. யந்திரத்தில் வைக்கப்படுபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வருகிறது என்று அமெரிக்க டாக்டர்களின் 2016-ம் ஆண்டு வழிகாட்டி கணக்குச் சொல்கிறது.

வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வதே சிரமம். காய்ச்சல் வேறு காரணத்தாலும் வரும். எக்ஸ்ரேயில் வெள்ளைப் படலம் இதயக் கோளாறினாலும் தெரியும். நோயாளி வாய் திறந்து சொல்லவும் முடியாது. சந்தேகத்துக்காக எல்லோருக்கும் கடுமையான கிருமிக்கொல்லி மருந்தைக் கொட்டினால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். கொடுக்காமல் காத்திருந்தால் உயிர் போய்விடலாம். அதனால் மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே, கீழே நுரையீரலிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஜாக்சனின் குழாய் நேரானது, வளையாதது. அதை விட வேண்டுமானால் நோயாளியின் தலையைப் பின்னால் சாய்த்து நேராக்க வேண்டும். யந்திரத்தில் கிடப்பவருக்கு அது சரிப்படாது. 1966-ல் ஜப்பானிய டாக்டர் ஷிகெட்டோ இகேடா, மெல்லிய கண்ணாடி இழைகளால் ஆன, பாம்பு மாதிரி வளையும் பிராங்கோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். அது வென்டிலேட்டர் குழாய்க்கு உள்ளேயே நுழைந்து போகும். நோயாளியை அசைக்க வேண்டியதில்லை.

இப்போது நுரையீரலின் ஒரு சிறு கிளை வரை போய், சுத்தமான உப்பு நீரை விட்டு அலசி, திரும்ப உறிஞ்சி எடுக்கிறார்கள். வேறொரு முறையும் உண்டு. 1979-ல் வந்தது அது. ஒரு குட்டி பிரஷ். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உறை. நுனியில் ஒரு அடைப்பு. வழியில் உள்ள வாய்க் கிருமி ஒட்டாமல் உறைக்குள்ளேயே போய், நோய் உள்ள இடத்தில் மட்டும் வெளியே தலை நீட்டித் துடைத்துக்கொண்டு, மறுபடி உறைக்குள் புகுந்து திரும்பிவிடும்!

எடுத்து வந்ததைச் சோதனைச்சாலையில் வளர்த்து எண்ணுகிறார்கள். கிருமி இருக்கிறதா என்பது மட்டும் கேள்வி அல்ல. எத்தனை இருக்கிறது என்பதும் கேள்வி. அலசிய நீரில் ஒரு மில்லி லிட்டருக்கு 10,000, பிரஷில் எடுத்ததில் 1,000 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் நோய். கீழே இருந்தால் பெரும்பாலும் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமி.

பிராங்கோஸ்கோப் இல்லாமலும் எடுக்கலாம். நர்ஸ் ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு மேல்வாரியாகச் சளியை உறிஞ்சி ஒரு சீசாவில் பிடித்துக்கொள்ளலாம். செலவு குறைவு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் செய்யலாம். ஆனால் குழாய்க்குள் பல நாளாகத் தங்கிய கிருமியும் கூட வரும். அதனால் இதற்கு எல்லைக் கணக்கு லட்சத்தில் தொடங்குகிறது.

எது சிறந்தது? டாக்டர்களுக்குள்ளேயே வழக்கு! 2000-ல் பிரான்ஸில் 413 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். பிராங்கோஸ்கோப் விட்டு எடுத்த பிரிவில் 14 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர்; மற்றப் பிரிவில் சுமார் 26 பேர். கிருமிக்கொல்லி மருந்தும் முதல் பிரிவில் குறைவாகவே செலவாயிற்று. ஜாக்சன் வழிக்கு வெற்றி என்று தோன்றியது. 2006-ல் கனடா, அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் 740 பேரை வைத்துப் பார்த்தபோது வித்தியாசமே இல்லை. இரண்டு பிரிவிலும் 28 நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 19 பேருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் மருந்துக்கு எளிதில் அடங்காத சில கிருமிகள் ஏற்கெனவே குடியேறியிருந்தவர்களை இந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. வழக்கு தீராமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2016-ல் அமெரிக்க வழிகாட்டி, சாதாரண உறிஞ்சு குழாயே போதும் என்றது. மறு ஆண்டே ஐரோப்பிய வழிகாட்டி, முடிந்தால் நுரையீரலின் அடிக்கிளை வரை போய் எடுத்து எண்ணிப் பாருங்கள் என்றது.

எந்த முறையில் எடுத்தாலும் சோதனைச்சாலையிலிருந்து முழுப் பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை கொடுத்துவந்த மருந்து சரிதான் என்று பதில் வந்தால் தொடர்கிறார்கள். வேறு கிருமி என்றால் மருந்தை மாற்றுகிறார்கள். ஒன்றுமே வளரவில்லை, நோயாளியும் தேறிவருகிறார் என்றால், மருந்தை நிறுத்திவிட்டுக் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடுகிறார்கள்.